வெறும் தாளில் போட்ட கையெழுத்து

நான் ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்தின் வாசலில்தான் காவலுக்கு நின்றேன். எங்கள் ஊர் திருமங்கலத்துக்கும் கப்பலூருக்கும் நடுவே, நான்குவழிச் சாலையை ஒட்டி இருக்கிறது. பள்ளிக்கு முன்னால் சர்வீஸ் ரோடு. கம்பெனிக்குப் போகிற வண்டிகள் அதில் எதிர்ப்பக்கமாகவும் வரும். காலையும் மாலையும் பிள்ளைகளை ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவது என் வேலை. சம்பளம் ஊராட்சியில் கொடுத்தார்கள்.

நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பேச்சு வராது. பிள்ளைகளிடம் அந்தச் சிரமம் இல்லை, கையை நீட்டினால் போதும். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் அம்மா கப்பலூரில் கம்பெனி வேலைக்குப் போவதால் தனியாகத்தான் வருவாள். ரோட்டு ஓரத்தில் நின்று, என்னைப் பார்க்காமலேயே வலது கையைப் பக்கவாட்டில் விரித்து நீட்டுவாள். நான் போய்ப் பிடிக்கும்வரை நகர மாட்டாள்.

கிராம சபைக் கூட்டம் பள்ளி மைதானத்தில்தான் நடக்கும். எங்கள் ஊரில் தீர்மானப் புத்தகத்தில் முதலில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவோம். தீர்மானத்தை ஊராட்சிச் செயலர் பிறகு எழுதிக்கொள்வார். டீயும் வடையும் கொடுத்துவிட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்பதால் வந்த வழக்கம். அதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் எழுதுகிற இடம் எனக்கு வேறு ஏது?

அந்தக் கூட்டத்துக்கு சப் இன்ஸ்பெக்டர் வந்திருந்தார். "ஸ்டேஷன்ல ஆள் கம்மி. ஸ்கூலுக்கு ஒரு ஆளப் போட எனக்கு வழியில்ல. கேமரா வச்சுக் குடுங்க, அங்க இருந்தே பாத்துக்கிறோம்" என்றார். ஊராட்சித் தலைவர் தலையாட்டினார். செயலர் வேகமாக எதையோ படித்தார். பள்ளிப் பாதுகாப்பு என்று மட்டும் காதில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கேமராவுக்குக் கம்பம் நட்ட அன்று செயலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புத்தகத்தில் ஒரு வரியைக் காட்டினார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாசல் காவலுக்கு ஒதுக்கியதைக் கேமராவுக்கு மாற்றுவது என்று இருந்தது.

"ஊராட்சிப் பணம் அம்புட்டுத்தான் அண்ணே. ரெண்டுக்கும் காணாது. நீங்களும்தான கையெழுத்துப் போட்டிருக்கீக."

ஆமாம், நாலாவதாக என் பெயர் அழகாக இருந்தது.

"மாப்ள, ஒன் வேலைய கம்பத்துக்குக் குடுத்துட்டாங்கடா. அது பீடி கேக்காது, லீவு கேக்காது" என்று டீக்கடையில் கூட்டாளி சிரித்தான். நானும் சிரித்துவிட்டு, கப்பலூரில் மூட்டை தூக்கப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தச் சிறுமியை பைக் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை. கால் எலும்பு நொறுங்கிவிட்டது. மறுநாள் ஸ்டேஷனிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். "வாசல்லயே நின்ன ஆளு. யார் வண்டின்னு அடையாளம் தெரியுதா பாருங்கண்ணே" என்று சப் இன்ஸ்பெக்டர் கணினியைத் திருப்பி வைத்தார்.

அதில் சத்தம் இல்லை. அவள் ரோட்டு ஓரத்தில் நிற்கிறாள். வலது கையை விரித்து நீட்டுகிறாள். ஒரு வேன் போகிறது. ஒரு லாரி போகிறது. கை அப்படியே இருக்கிறது. பிறகு மெதுவாகக் கையை மடக்கிக்கொண்டு, ரோட்டில் கால் வைக்கிறாள்.

"வண்டியப் பாருங்க" என்றார். மறுபடி போட்டார். மூன்றாவது முறையும் நான் கையைத்தான் பார்த்தேன்.

"தெரியல சார்."

அந்தக் கை என்னோடு வந்துவிட்டது. மூட்டை இறக்கும்போதும் சாப்பிட உட்காரும்போதும் வலது பக்கம் யாரோ நிற்பது மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் நின்றவர், "என்ன, யாரத் தேடுறீக?" என்றே கேட்டுவிட்டார்.

அடுத்த கிராம சபையில் புத்தகம் என்னிடம் வந்தது. தாள் வெறுமையாக இருந்தது. பேனாவைத் திறந்து, மூடினேன்.

"எழுதிட்டுக் குடுங்க" என்றேன் செயலரிடம். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"என்னண்ணே?"

"வாசலுக்கு ஆள் வேணும்னு எழுதுங்க. படிச்சுட்டுப் போடுறேன்."

"படிக்கப் போறாராம்ல, வக்கீலு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் புத்தகத்தை நான் அடுத்த ஆளுக்குக் கொடுக்கவில்லை. அந்தச் சிறுமியின் அம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுதுங்க தம்பி. நானும் படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்றார். சிரிப்பு நின்றது. தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் புத்தகத்தை வாங்கி எழுதினார். தெருவிளக்குக்கு வைத்த பணத்தில் கொஞ்சம் குறைத்து வாசல் காவலுக்கு ஒதுக்கினார்கள். நான் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கூட்டம் காத்திருந்தது.

இப்போது மறுபடி வாசலில் நிற்கிறேன். அந்தச் சிறுமியும் பள்ளிக்கு வந்துவிட்டாள். ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். முதல் நாள் அவள் ரோட்டு ஓரத்துக்கு வந்ததும் ஓடிப்போய்க் கையை நீட்டினேன். அவள் பையின் வாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தானாகவே நடந்தாள்.

தினமும் அப்படித்தான் போகிறாள். வண்டிகளை நிறுத்திவிட்டு, ஓரடி தள்ளி, கையை நீட்டியபடியே நானும் கூட நடக்கிறேன்.