நான் வெட்டச் சொன்ன பத்தி

எனக்குத் தெரிந்த ஒருவன் என்னைவிட நன்றாக எழுதினால் எனக்கு வயிறு எரியும். இந்த வயதில் அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நானும் என் கூட்டாளி ஒருவனும் சாய்ந்தமருதில் ஒரே பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர்கள். அவன் மருதமுனைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. கல்முனையைக் கடந்து தினமும் சைக்கிளில் வருவான். அந்த வருடம் கல்முனை வாசிகசாலை ஒன்று கட்டுரைப் போட்டி வைத்தது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம் வேண்டுமா, வேண்டாமா என்பது தலைப்பு. எங்கள் பக்கத்தில் தகப்பன் வீடு கட்டி மகள் பெயரில் எழுதிக் கொடுப்பார். மாப்பிள்ளை அங்கே குடியேறுவான். பெற்றவர்கள் அதே வீட்டு வளவுக்குள் ஒரு குடிலுக்கு ஒதுங்குவார்கள்.

நான் வேண்டாம் என்று எழுதினேன், அவன் வேண்டும் என்று எழுதினான். வென்றவர் மேடையில் வாசிக்க வேண்டும். எனக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்த காலம் அது. பெண்ணின் வாப்பா முன்வரிசையில் இருப்பார், மருமகன் படித்தவன் என்பதை அவர் காதால் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரே ஆசை. அவரும் மகளுக்கு வீடு கட்டிக்கொண்டுதான் இருந்தார். கட்டுரை வேறு, கல்யாணம் வேறு என்று நினைத்துக்கொண்டேன்.

என் கட்டுரையில் ஏழு நியாயங்கள் இருந்தன. எதிர்ப்பக்கத்தாரை மூடர்கள் என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தேன். ஒரு நாள் இடைவேளையில் அவன் கள்ளமில்லாமல் தன் கட்டுரைக் கொப்பியை என்னிடம் நீட்டினான்.

வாசித்துப் பார்த்தேன். அவன் என் பக்கத்து நியாயத்தைத்தான் முதலில் சொல்லியிருந்தான். நாலு பெண்களைப் பெற்ற ஒரு மீன்காரர் நாலு வீடு கட்டி முதுகு கூனிப்போனதை நான்கூட அப்படி எழுதவில்லை. அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, அதன் பிறகே திரும்பினான். புருஷன் விட்டுப்போன, தனக்கு மூத்தவளான ராத்தா, பிள்ளைகளோடு தெருவுக்கு வராமல் இருப்பது அந்த வீட்டால்தான் என்றான். நியாயம் அந்த ஒன்றுதான், அதோடு முடித்துவிட்டான்.

"எதிராளிட ஞாயத்த நீயே எடுத்துச் சொன்னா ஆக்கள் அந்தப் பக்கம் சாஞ்சிருவாங்க மச்சான். முதல் பத்திய வெட்டு" என்றேன்.

"அப்பிடியா செல்றாய்?"

"ஓம். நான் கெடுதலுக்கா செல்றன்?"

கெடுதலுக்குத்தான் சொன்னேன். அவன் நம்பி வெட்டினான். நான் வீட்டுக்குப் போய் என் ஏழு நியாயத்தை ஒன்றாகக் குறைத்தேன். மூடர்களை எடுத்துவிட்டு, வீட்டை இழந்தால் பெண் எங்கே போவாள் என்ற கேள்வியை முதலில் வைத்து, அதை மதித்து ஒப்புக்கொண்டு, அதன் பிறகு மறுத்தேன்.

பரிசு எனக்குக் கிடைத்தது. அவனுடைய கட்டுரை மறுபக்கத்தைப் பார்க்கவில்லை என்று நடுவர் சொன்னார். அவன் கை தட்டினான். முன்வரிசையில் என் வருங்கால மாமனார் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய விரல் நகங்களில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

மூன்று மாதத்தில் கல்யாணம் நடந்தது. புது ஓடு, புதுக் கதவு. மாமனாரும் மாமியும் பின்வளவில் தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடிலுக்குப் போனார்கள். நான் புது வீட்டில் குடியேறினேன். கல்யாணத்துக்கு வந்த அவன் சுவரைத் தடவிப் பார்த்தான், பின்னால் இருந்த குடிலையும் பார்த்தான். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்.

"நீ மேடையில சென்னதெல்லாம் சரிதான் மச்சான். வூடும் நல்லாத்தான் இரிக்கி."

முதலில் என் பக்கத்தை ஒப்புக்கொண்டான், அதன் பிறகு திரும்பினான். இரண்டே வசனம். அந்த வீட்டில் இருந்துதான் இதை எழுதுகிறேன். அந்த இரண்டு வசனத்துக்காக அவன்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமை.