நெற்றி இன்சார்ஜ்

வேட்பாளருக்குப் பேச்சு எழுதித்தர ஆள் இருப்பார்கள், போஸ்டர் ஒட்ட ஆள் இருப்பார்கள், பூத்தில் உட்கார ஆள் இருப்பார்கள். நெற்றியைத் துடைத்துவிட ஆள் வைத்தது, எனக்குத் தெரிந்து, எங்கள் பெங்களூர் நீலசந்திராவில்தான். அந்த ஆள் நான்.

கார்ப்பரேஷன் தேர்தல் கடைசியாக நடந்த வருஷம் அது. அதற்கப்புறம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது மறுபடியும் பேச்சு கிளம்பியிருக்கிறது. டீக்கடையில் யாராவது "இந்த வாட்டி யாரு நிக்கறாங்களாம்?" என்று கேட்டால் நான் டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒரு பியூட்டி பார்லர் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஒரு ஸ்டீமர், அவ்வளவுதான். வாசலுக்கு நேர் எதிரே மோரி. சாக்கடையை நாங்கள் மோரி என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் என் கடைக்கு வரும் முதல் கஸ்டமர் மோரித் தண்ணீர்தான். மூன்று மழைக்காலம் அப்படி அள்ளி ஊற்றினேன். நாற்காலியின் கால் துருப்பிடித்தது, சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்பிப் போனது. நாலாவது முறையும் தண்ணீர் வந்தால் கடையை மூடிவிட வேண்டியதுதான் என்று என் கணவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

மாடியில் ஒரு அக்கா குடியிருந்தாள். கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர். மோரியைக் கட்டச் சொல்லி அவள் கொடுக்காத மனு இல்லை, ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லார் வீட்டிலும் சாமி படம் மாட்டியிருக்கும் மூலையில் அவள் வீட்டில் அந்த மனுக்களின் ஃபைல்தான் இருந்தது. முதல் தடவை போனபோது பழக்கதோஷத்தில் நான் அந்த ஃபைலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவளுக்குச் சாமி கிடையாது. சாமியைத் திட்டவும் மாட்டாள். "இருந்தா இருந்துட்டு போவட்டும்டி. எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல, அவ்ளோதான்" என்பாள். நானோ மாரியம்மனைக் கேட்காமல் ஷாம்பு பாட்டிலைக்கூடத் திறக்காதவள். ஆனாலும் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், தானே சுயேச்சையாக நிற்பது என்று அவள் முடிவு செய்தபோது நான்தான் முதலில் குதித்தேன். எனக்கு என் கடை பிழைக்க வேண்டும்.

எதிர்த்து நின்றவர் ஒரு பில்டர். நெற்றியில் எட்டணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் மூன்று மாலை, பெயரிலேயே ஒரு சாமி. கோயில் கண்ட இடமெல்லாம் தேங்காய் உடைப்பார். அவருடைய ஆட்கள் ஒரு வேலை செய்தார்கள். மாரியம்மன் கோயில் தெருவில் போய், அந்தப் பொம்பளை சர்ச்சுக்கு மாறிவிட்டாள் என்றார்கள். சர்ச் தெருவில் போய், அது வெறிபிடித்த இந்து, ஜாக்கிரதை என்றார்கள். பாய்மார் தெருவில் என்ன சொன்னார்களோ, அங்கே இரண்டு நாள் எங்களுக்கு யாரும் கதவே திறக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! பார்லருக்கு வந்தவர்களிடமெல்லாம் லெக்சர் அடித்தேன். "ஓட்டுக்கும் சாமிக்கும் இன்னா சம்பந்தம்? மோரிக்கு மதம் இருக்குதா? அவங்க சாமி கும்பிட்டா இன்னா, கும்பிடாட்டி இன்னா?" புருவத்தில் நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். ஆகவே எல்லோரும் என் கட்சி என்றே நினைத்துக்கொண்டேன்.

கோபம் ஒருபக்கம் இருக்க, நெற்றி யோசனையும் என்னுடையதுதான். வேட்பாளர் வந்தால் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்து பொட்டு வைப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒரு தெரு முடிவதற்குள் அக்காவின் நெற்றி குங்குமக் கிண்ணம் ஆகிவிடும். அதோடு அடுத்த தெருவுக்குப் போனால் பில்டரின் ஆட்கள் சொன்னது நிஜமென்று ஆகிவிடாதா? அதனால் தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, ஈர டிஷ்யூவால் துடைத்து, அந்தத் தெருவுக்கு எது பொருத்தமோ அப்படி ரெடி செய்வேன். ஒரு தெருவுக்குத் திருநீறு, ஒரு தெருவுக்குச் சின்னப் பொட்டு. சர்ச் தெருவுக்கு வெறும் நெற்றி. பாய்மார் தெருவுக்கு வெறும் நெற்றியோடு தலையில் முந்தானை. நீலக்கொடி கட்டிய புத்தர் தெருவுக்கு வெறும் நெற்றியோடு கையில் ஒரு தாமரைப்பூ.

"இதெல்லாம் தேவையாடி?" என்று அக்கா முதல் நாளே கேட்டாள்.

"சும்னே இரு அக்கா, பேசாத. ஜெயிச்ச பிறகு உன் இஷ்டத்துக்கு இரு" என்று அவள் தாடையைப் பிடித்துத் திருப்பித் துடைத்தேன்.

மூன்றாம் நாள் டிஷ்யூ தீர்ந்துபோனது. கடைக்கு ஓடி, முகம் துடைக்கிற டோனர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, பஞ்சில் நனைத்து அக்காவின் நெற்றியில் தேய் தேயென்று தேய்த்தேன். "எரியுதுடி" என்றாள். "நல்லா சுத்தமாவுதுன்னு அர்த்தம்" என்றேன். நாலு தெரு அப்படியே தேய்த்த பிறகுதான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். பெடிக்யூருக்கு வைத்திருக்கும் லோஷன் அது, குதிகாலில் காய்த்துப்போன தோலை உரிக்கிறது. டோனர் பாட்டிலும் அதுவும் ஒரே சைஸ், ஒரே மூடி, பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். இரண்டு புருவத்துக்கும் நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்குச் செக்கச்செவேலென்று தோல் உரிந்து, சுற்றிலும் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. பவுடர் போட்டேன், இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. என் அப்பனே என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

பாய்மார் தெருவில் ஒரு தையல்கார பாய் மெஷினை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார். "க்யாம்மா, நமாஸ் படிக்கிறீங்களா? எங்க பெரியவங்களுக்குத்தான் நெத்தியில இப்படிக் காய்ச்சுப் போவும்" என்றார். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் அவளை இழுத்துக்கொண்டு நகர்ந்தேன். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. புத்தர் தெருவில் ஒரு டீச்சர், புத்தருக்கும் அந்த இடத்தில் ஒரு அடையாளம் உண்டு என்று பக்கத்துப் பெண்ணிடம் காட்டிச் சொன்னாள். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. மனசுக்குள் ஓட்டு எண்ணவே ஆரம்பித்துவிட்டேன்.

கடைசியாக மாரியம்மன் கோயில் தெரு. முதல் வீட்டு அம்மா ஆரத்தித் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ, முத்து போட்டிருக்குதே! ஆத்தா வந்து இறங்கியிருக்கா!" என்று கத்தினாள். நிமிஷத்தில் தெரு கூடிவிட்டது. ஒருத்தி வேப்பிலைக் கொத்தோடு வந்து அக்காவுக்கு வீசினாள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றினாள். சர்ச்சுக்கு மாறிவிட்டாள் என்று நேற்றுவரை பேசிய அதே வாய்கள், "ஆத்தாளே தேர்ந்தெடுத்துட்டா, இனி நாம இன்னா ஓட்டு போடறது" என்றன. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. மோரி கட்டியாயிற்று, கடை பிழைத்தது என்று நினைத்தேன்.

அக்கா ஆட்டோவில் கட்டியிருந்த மைக்கை எடுத்தாள்.

"இது ஆத்தா இல்லம்மா" என்றாள். "குதிகால்ல தோல் உரிக்கற லோஷன். மூணு நாளா ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு நெத்தி வெச்சினு வந்தேன். தொடச்சுத் தொடச்சு உரிஞ்சுபோச்சு. எனக்குச் சாமி நம்பிக்கை கெடையாது. நான் எங்கயும் மாறல, எனக்கு மாற ஒண்ணும் இல்ல. உங்க சாமியப் பத்தி ஒரு வார்த்த தப்பா பேச மாட்டேன். மோரியக் கட்டித் தருவேன். அதுக்கு ஓட்டு போடறதா இருந்தா போடுங்க. இல்லன்னா பேடா, வேணாம்."

வேப்பிலைக்காரி கையிலிருந்த கொத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, உனக்காக நான் ஒரு வேளை சாப்பாட்ட விடறேன்னு வேண்டிக்கினேனே!" என்றாள். தெருவே சிரித்தது. ஒருத்தி கைதட்டினாள், நாலு பேர் கைதட்டினார்கள். "மோரியக் கட்டலன்னா அந்த லோஷன நாங்க பூசுவோம் பாத்துக்க" என்று ஒரு குரல். அன்றைக்கு அக்கா தெருமுனைவரை சிரித்துக்கொண்டே நடந்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று அவர்கள் சொன்னபோது ஒன்றும் சொல்லாமல் நின்றேனே, அது எனக்குள் உறுத்த ஆரம்பித்திருந்தது.

ஓட்டுப்போடும் நாள் காலையில் குளித்துவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். ஆத்தா முகத்தை ஏறிட்டுப் பார்க்கவே முடியவில்லை. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்று, விரலில் மை வாங்கிக்கொண்டு மெஷின் முன்னால் போனேன். அக்காவின் சின்னம் தையல் மெஷின், கீழேயிருந்து மூன்றாவது. விரலை அங்கே கொண்டுபோனேன். அப்போது ஒரு பயம் பிடித்தது பாருங்கள். என்னையே இல்லை என்கிறவளைத்தான் உனக்குத் தலைவியாக வைத்துக்கொண்டாயா என்று ஆத்தா கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? மோரி, கடை, மூன்று மழை எல்லாம் தெரியும். லெக்சர் அடித்த வாயும் என்னுடையதுதான். ஆனாலும் விரல் மேலே போனது, சாமி பெயர் வைத்திருந்த பில்டர்மேல் அழுத்தியது. மெஷின் பீப் என்று கத்தியது. வார்டு முழுக்கக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன்.

அக்கா கொஞ்ச ஓட்டில் தோற்றாள். பில்டர் வந்ததும் வராததுமாக மோரிக்குப் பூமி பூஜை போட்டார். மாவிலை, தேங்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் இருந்தது. ஐயர் அரைமணி நேரம் மந்திரம் சொன்னார். கல்கண்டு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். அத்தோடு சரி, சிமெண்ட் மூட்டை ஒன்றுகூட இறங்கவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கஸ்டமர் ஒருத்தி ஃபேஷியலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள், நாற்காலிக்கு அடியில் தண்ணீர் ஏறுகிறது. அவளை எழுப்பி அனுப்பிவிட்டு ஸ்டீமரைத் தூக்கி மேலே வைத்துத் திரும்பினேன். அக்கா நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கெட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். ஒன்றை என்னிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் அள்ளினோம். நாற்றம் குடலைப் பிடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எனக்குத் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். அவள் தோற்றதற்காக நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

"விடுடி" என்றாள். "நான் ஜெயிக்கலன்னு எனக்கு ஒண்ணும் பெரிய வருத்தம் இல்ல. யாரு போட்டா, யாரு போடலன்னு நான் யோசிக்கறதே இல்ல. ஆத்தாளக் கேக்காம ஒரு பாட்டில் தொறக்க மாட்ட நீ. நீயே எனக்குப் போட்டியே, அது போதும்டி எனக்கு."

நான் நிமிரவில்லை. பக்கெட்டை முக்கி, நிரப்பி, வாசலில் கொண்டுபோய் ஊற்றினேன். ஊற்றிய தண்ணீர் திரும்ப உள்ளே வந்தது. மறுபடியும் குனிந்தேன்.