ரத்தம் கேக்கற செல்லும் கருணை காட்டற சாரும்

ஒடம்புச் செல்லு வளக்கற லேப்புல அட்டெண்டர் வேலைங்கறது, ஆரோ பெத்த புள்ளைக்குக் குண்டி கழுவி உட்டுட்டு, அது அழுதா நாம திட்டு வாங்கறதுங்க. உங்க ஆபீஸ்லயும் எங்க சாராட்டம் ஒருத்தர் இருப்பாரு. அதனால உங்ககிட்டச் சொன்னா வலி புரியும்.

கருணை

மாடு அறுக்கறப்ப வயித்துல கன்னு இருந்தா, அந்தக் கன்னு ரத்தத்துலருந்து சீரம்னு ஒண்ணு எடுப்பாங்க. அதை ஊத்துனாத்தான் எங்க டப்பாவுல செல்லு வளரும். புரபசர் சாரு ஏதோ மீட்டிங்குக்குப் போய்ட்டு வந்து, "இனி நம்ம லேப்புல கன்னுக்குட்டி ரத்தம் கூடாது, அதுக்குப் பதிலா ஒரு மாத்துத்தான்"னாரு. நல்ல விசயந்தானுங்க. பேசப்பேசக் கண்ணுல தண்ணி வேற.

தொடச்சுட்டு, உக்கடத்துல இருந்து என்னை வாங்கியாரச் சொன்ன பொட்டலத்தைப் பிரிச்சாரு. ஆட்டு ரத்தப் பொரியல். "ஏனுங் சார், இது?"ன்னேன்.

"அது சயின்ஸுய்யா, இது லஞ்ச்சு."

பட்டினி

மொத மாத்து, சீரமே இல்லாத ஒரு தண்ணி. கவிதா அம்மணி சாருகிட்ட பிஎச்டி பண்ணுது. வருசக்கணக்கா அந்தச் செல்லோடவே கெடக்குது. "கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கோணுங்க சார்"னுச்சு. சாரு கேட்டாத்தானே? ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்திப்போட்டாரு.

திங்கக்கெழமை வந்து பாத்தா அத்தனையும் செத்து மெதக்குது. மிச்சம், நைட்ரஜன் ட்ரம்முக்குள்ள உறையவெச்ச செல்லு ஒரே ஒரு குப்பி. அதும் போச்சுன்னா அம்மணி படிப்பே போச்சு. சாரு மைக்ராஸ்கோப்புல எட்டிப் பாத்தாரு.

"இந்தச் செல்லுகளுக்குத் தன்னம்பிக்கை பத்தாது."

ஜெல்லி

அடுத்த மாத்து, ரத்த வங்கில நாள் முடிஞ்சுபோன பிளேட்லெட்டை வாங்கி, உறையவெச்சு உருக்கி எடுக்கற சாறு. அது கட்டியாகாம இருக்க ஒரு மருந்து சேக்கோணும்னு கவிதா தலதலயா அடிச்சுக்குச்சு. "மருந்தெல்லாம் எதுக்கு, இயற்கையா இருக்கட்டும்"னு சாரு தடுத்துப்போட்டாரு.

வெளியூர்ல இருந்து பெரிய ஆளு ஒருத்தர் பாக்க வந்தாரு. அந்தச் சாறு பாட்டிலைச் சாய்ச்சாரு, கவுத்தாரு, உள்ள இருக்கறது அசையவே இல்லீங்க. கல்யாண வூட்டுல கப்புல குடுப்பாங்களே, அந்த ஜெல்லியேதான். சாரு வேர்வையைக்கூடத் தொடைக்கல.

"கொட்டாம எடுத்துட்டுப் போலாங்க, அதுக்குத்தான் இப்படிப் பண்ணியிருக்கோம்."

மருந்து

கடைசிக் குப்பியை அம்மணி ட்ரம்முல இருந்து எடுத்துச்சுங்க. மொதல்ல பழைய சீரத்துலயே வளத்துச்சு. பொறவு அதைச் சித்தெ கொறைக்கறது, மருந்து சேத்த பிளேட்லெட் சாறைச் சித்தெ கூட்டறது. இதுக்கு நடுவுல சாரு கை உள்ள வரப்படாது. நானு கதவுல ஒரு அட்டையை மாட்டிப்போட்டேன்: 'கிருமி மருந்து அடிச்சிருக்கு.' சாரு வர்றப்பெல்லாம், "மூக்கு எரிஞ்சு போயிருமுங் சார்"னு தொரத்தி உட்டேன்.

ஒரு நா கன்னுக்குட்டி சீரம் சுத்தமா நின்னுபோச்சு. செல்லு சாகலை. தட்டு நெறைய ஒட்டிக்கிட்டுப் பரவிக் கெடந்துச்சு. அம்மணி அழுதுட்டே சிரிக்குது. அந்நேரம் பாத்து வெளிய சாரு போட்டோக்காரரோட வந்து கதவைத் தட்டுறாரு. அம்மணி என் காதுல சொல்லுச்சு:

"இன்னிக்கும் மருந்து அடிச்சிருக்குன்னே சொல்லிப்போடுங்ண்ணா!"

கன்னுக்குட்டி ரத்தத்துக்கு ஒரு வழியா மாத்துக் கெடச்சிருச்சுங்க, எங்க சாருக்கு மாத்துத்தான் இன்னும் எந்தக் கம்பெனிக்காரனும் பாட்டில்ல அடைச்சு அனுப்பலை.