கேள்விக்குறிகளோடு மல்லுக்கட்டிய வருடம்

தொண்ணூற்றெட்டில் நான் வேலை பார்த்த அலுவலகம் பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. எட்டுப் பேர், ஆறு கம்ப்யூட்டர், ஒரே ஒரு தொலைபேசி இணைப்பு. உள்ளூர் வியாபாரிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பதுதான் தொழில். எனக்கு இருபத்தாறு வயது. எட்டுப் பேரில் பெண் நான் ஒருத்திதான்.

அப்போதெல்லாம் ஒரு இணையப் பக்கத்தை முழுக்க முழுக்க புரோகிராமுக்குள்ளேயே எழுதுவோம். தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமென்றால்கூட ஆயிரம் வரிகளுக்குள் போய், மேற்கோள் குறிகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கும் ஒரு வரியைத் தேட வேண்டும். ஒரு குறி தவறினால் மொத்தப் பக்கமும் படுத்துவிடும். மூன்று வருடம் இப்படியே செய்து எனக்கு அலுத்துப் போயிருந்தது.

உலகம் முழுக்க இருந்த புரோகிராமர்கள் எழுதிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்றில்தான் முதன்முதலில் அந்த ஃபிரேம்வொர்க்கைப் பற்றிப் படித்தேன். ஃபிரேம்வொர்க் என்ற சொல்லே எங்களுக்குப் புதிது. பக்கத்தின் தோற்றத்தை ஒரு கோப்பில் வை, அதற்குப் பின்னால் நடக்கிற வேலையை இன்னொரு கோப்பில் வை, இரண்டையும் சேர்க்கிற பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது அது. எழுதியவர் வெளிநாட்டில் ஒரு தனி ஆள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று கொடுத்திருந்தார்.

பகலில் தொலைபேசி இணைப்பு எங்கள் முதலாளிக்கே போதாது. அதனால் காலை ஏழு மணிக்கே அலுவலகம் போனேன். மேற்கு மாம்பலத்தில் வீடு. ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்கினால் ரங்கநாதன் தெரு. கடைகள் திறக்காத அந்த நேரத்தில் குப்பை கூட்டுபவர்களையும் என்னையும் தவிர அங்கே ஆள் இருக்காது. மூன்று முறை இணைப்பு அறுந்து, நான்காவது முறை ஃபிரேம்வொர்க் முழுதாக இறங்கியது.

அன்று காலையிலேயே ஒரு சின்ன ஆர்டர் படிவம் செய்து பார்த்தேன். வழக்கமாக நான்கு நாள் பிடிக்கும் வேலை ஒன்பதரை மணிக்குள் முடிந்திருந்தது. நாற்காலியை விட்டு எழுந்து, யாருமில்லாத அந்த அறையில் இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

முதலாளிக்குக் காட்டினேன். மயிலாப்பூர்க்காரர். பல வருடம் ஒரு வங்கியின் பெரிய கம்ப்யூட்டர்களோடு பழகியவர். எதற்கும் உத்தரவாதக் கடிதம் இருக்க வேண்டும் அவருக்கு.

"ஏம்மா, எவனோ ஓசில குடுத்ததை வச்சுண்டு கிளையண்ட்டுக்கு வேலை பண்ணுவியா? நாளைக்கு உடைஞ்சா யாரைப் போய்க் கேக்கறது?"

"என்னைக் கேளுங்க சார்."

"நன்னாருக்கு! நீ நாளைக்குக் கல்யாணம் பண்ணிண்டு போயிடுவே."

அந்தக் குத்தல் எனக்குப் பழக்கமானது. "உடைஞ்சா சரி பண்ணிட்டுத்தான் போவேன்" என்றேன். அவர் மனதில் வேறொன்று இருந்தது. ஒரு விற்பனைப் பிரதிநிதி வந்து, உரிமத்தோடு வாங்கும் ஒரு மென்பொருளைப் பற்றி அவரிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். இருந்தாலும் எனக்கு இரண்டு வாரம் கொடுத்தார். அன்றாட வேலையும் நிற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

சோதித்துப் பார்க்கக் கையில் இருந்தது ஒரு பதிப்பகத்தின் தளம். ராயப்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த குடும்பம். இப்போது பிள்ளைகளுக்கான தமிழ்ப் புத்தகங்களை அவர்களே அச்சிட்டார்கள். அதை நடத்தியவரை நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெளிநாட்டுத் தமிழர்கள் கம்ப்யூட்டரில் பார்த்து ஆர்டர் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை.

புத்தகப் பட்டியலை ஏற்றினேன். பக்கம் வந்தது. கட்டங்கள் அழகாக வந்தன. ஆனால் தலைப்புகள் இருக்க வேண்டிய இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்.

காரணத்தைப் பிற்பாடு கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டருக்கு ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். ஆங்கிலத்துக்கு நூற்றிருபத்தேழு வரை போதும். அதற்கு மேலே காலியாகக் கிடந்த எண்களில்தான் எங்கள் எழுத்துரு செய்தவர்கள் தமிழை உட்கார வைத்திருந்தார்கள். அந்த எண்கள் யாருக்கும் தேவைப்படாது என்று நினைத்துவிட்டது அந்த ஃபிரேம்வொர்க். கண்ணில் பட்டதையெல்லாம் கேள்விக்குறியாக்கிவிட்டது.

முதலாளி என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்தார். அவருக்கு வருத்தமில்லை. "இங்கிலீஷ் எழுத்துல போட்டுடேன். ஃபாரின்ல இருக்கறவாளுக்கு இங்கிலீஷ் தெரியாதா என்ன?"

மறுநாள் பாய் படியேறி வந்தார். முதலாளியே திரையைத் திருப்பி, தான் சொல்லி ஆங்கில எழுத்தில் போடவைத்த பட்டியலைக் காட்டினார். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார் இது? என் புக்கு எங்க கீது?"

"எல்லாம் இருக்கு பாய். மூணாவது பாருங்கோ."

பாய் எழுத்துக் கூட்டினார். "பல்லி... கூட... ஏம்மா, இது பள்ளிக்கூடமா, பல்லியோட கூடா?" என்னைப் பார்த்துக் கேட்டார். "இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் அதே எழுத்துதான? புள்ளைங்களுக்குத் தமிழ் மறந்துடக் கூடாதுன்னுதான் இந்த புக்கை வாங்கறாங்க. அட்டையையே இங்கிலீஷ்ல காட்டினா எவன் வாங்குவான்?"

"டெக்னிக்கலா முடியலை பாய்" என்றார் முதலாளி.

"முடியும்" என்றேன் நான்.

என் வாய் முந்திக்கொண்டது. முடியுமா என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தெரியாது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில், முடியாவிட்டால் வேலை போய்விடும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

அன்று மாலையே ஃபிரேம்வொர்க்கை எழுதியவருக்குக் குழுவின் வழியாகக் கடிதம் போட்டேன். விஷயத்தைச் சொல்லி, சரிசெய்ய வழி உண்டா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. இந்தக் கருவி அதற்காகச் செய்யப்படவில்லை. உங்கள் மொழி எழுத்துகளைப் படங்களாகப் போட்டுவிடுங்கள். கீழே இன்னொருவர், உங்கள் நாட்டில் இணையம் இருக்கிறதா என்று விசாரித்திருந்தார்.

அதைப் படித்தபோது என் காது சூடானது. நீளமாக ஒரு பதில் தட்டினேன். பிறகு ஒவ்வொரு வரியாக அழித்தேன். அவர்களோடு சண்டை போடும் நேரத்தில் அந்தக் கோப்புகளைத் திறந்து படித்துவிடலாம் என்று தோன்றியது. மாற்றிக்கொள்ளலாம் என்று அவர்தானே எழுதியிருந்தார்?

நாலாயிரம் வரி. ஒரு வாரம் தினமும் காலை ஏழு மணியிலிருந்து ஒன்பதரை வரை படித்தேன். அச்செடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தேன். "பரீட்சையா என்ன?" என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமைப் படிப்பது அடுத்த வீட்டு அலமாரியைக் குடைவது போல இருந்தது. முதலில் கூச்சம். பிறகு, இந்த மனிதரும் என்னை மாதிரியே அங்கங்கே அவசரத்தில் திணித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்ததும் ஒரு தெம்பு வந்தது.

ஆறாவது நாள் அந்த இடம் அகப்பட்டது. ஒரே ஒரு வரி. அதை எடுத்ததும் கேள்விக்குறிகள் மறைந்து தமிழ் வந்து நின்றது. ஆனால் நீளமான தலைப்புகளை நடுவில் வெட்டி மூன்று புள்ளி வைக்கிற இடத்தில் இன்னொரு கோளாறு. எங்கள் எழுத்துருவில் கொம்பு தனி, அதற்குரிய எழுத்து தனி. வெட்டு இரண்டுக்கும் நடுவில் விழுந்து, சில தலைப்புகளின் கடைசியில் கொம்பு மட்டும் அநாதையாக நின்றது. அதற்கும் ஒரு விதி எழுதினேன்.

அந்த வாரமே விற்பனைப் பிரதிநிதி டை கட்டிக்கொண்டு வந்தார். முதலாளி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து, அவருடைய மென்பொருளை இயக்கிக் காட்டச் சொன்னார். ஏதாவது ஒரு பொருளின் பெயரைக் கொடுங்கள் என்றார் அவர். நான் பாயின் பட்டியல் இருந்த ஃப்ளாப்பியை நீட்டினேன்.

ஏற்றினார். திரையில் தலைப்புகள் காலிக் கட்டங்களாக வந்தன.

"ரீஜனல் லாங்குவேஜ் எல்லாம் அடுத்த வெர்ஷன்ல வருது மேடம்" என்றார்.

"எங்களுக்கு இந்த வெர்ஷன்லயே வந்துடுச்சு" என்று என் திரையைத் திருப்பினேன்.

அவர் போன பிறகு முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல என்ன ஆனாலும் பொறுப்பு என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தளம் வெளியான எட்டாவது நாள் அந்தத் தாளுக்கு வேலை வந்தது. காலையில் பாய்க்கு வரும் ஆர்டர்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்தால், பெரிய சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு வசைச் சொல் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. எவனோ முகவரிப் பெட்டிக்குள் முகவரிக்குப் பதில் புரோகிராம் வரிகளைத் தட்டி அனுப்பியிருந்தான். என் பக்கம் அதை அப்படியே விழுங்கிக் காட்டிவிட்டது. நான் எடுத்தெறிந்த அந்த ஒரு வரி, தமிழை மட்டும் தடுத்துக்கொண்டிருக்கவில்லை. இந்த மாதிரிக் குறும்புகளையும் அதுதான் தடுத்துக்கொண்டிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை.

முதலாளி சொல்லும் முன்பே அவர் அறைக்குப் போனேன். தாள் அவர் மேசைமேல் தயாராக இருந்தது.

"இப்போ என்ன சொல்றே?"

"தப்பு என்னோடதுதான் சார். அந்த வரி எதுக்கு இருந்ததுன்னு பார்க்காம எடுத்துட்டேன். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சரி பண்றேன்."

"பேசாம இங்கிலீஷ்லயே போட்டிருக்கலாம்."

"அது மட்டும் மாட்டேன் சார்."

அவர் தாளை எடுத்து இழுப்பறைக்குள் போட்டார். "நாலு மணி" என்றார்.

நாலரை ஆனது. இந்த முறை அந்த வரியைத் திரும்ப வைத்து, அதன் உள்ளே நுழைந்து எழுதினேன். ஆபத்தான குறிகள் எவை என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டு அவற்றை மட்டும் நிறுத்தினேன். தமிழுக்கு வழிவிட்டேன். நானே பத்து விதமாக அந்தப் பெட்டிக்குள் விஷமம் செய்து பார்த்தேன். நின்றது.

பாய்க்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எங்க ப்ரெஸ்ல ஒரு தபா ஆத்திச்சூடி முழுசும் தலைகீழா பைண்ட் ஆயிடுச்சிம்மா. பிரிச்சு ஒட்டினோம்" என்றார். அவ்வளவுதான்.

மூன்றாம் வாரம் டொரான்டோவிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. ஒரு அம்மா, தன் இரண்டு பிள்ளைகளுக்கு ஆறு புத்தகம் கேட்டிருந்தார். அச்செடுத்ததை வாங்கிப்போக பாய் நேரிலேயே வந்தார். வரிசையாக இருந்த தலைப்புகளை உரக்கப் படித்தார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். முதலாளியும் கதவருகில் நின்று கேட்டார்.

என் திருத்தங்களை ஃபிரேம்வொர்க்கை எழுதியவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தபோது, பழைய கேள்விக்குறிகள் அப்படியே இருந்தன. உட்கார்ந்து மறுபடியும் திருத்தினேன். இந்த முறை யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. திருத்திய பதிப்பை நானே ஒரு இலவசப் பக்கத்தில் போட்டு, எப்படிப் பயன்படுத்துவது என்று தமிழில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாகக் குறிப்பு எழுதி, குழுவில் ஒரு வரி அறிவித்தேன்.

நான் எதிர்பார்த்தது சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது எழுதுவார்கள் என்று. முதலில் எழுதியவள் பல்கேரியாவில் ஒரு கல்லூரி மாணவி. அவர்கள் எழுத்துகளும் எங்களுடையவை போல மேல் எண்களில்தான் குடியிருந்தனவாம். அவளுக்கும் படங்களாகப் போடச் சொல்லித்தான் பதில் வந்திருக்கிறது. உடைந்த ஆங்கிலத்தில் நன்றி சொல்லி, கீழே தன் மொழியில் ஒரு வரி எழுதியிருந்தாள். எனக்கு அது ஒன்றும் புரியவில்லை. ஆனால் கேள்விக்குறி இல்லாமல் முழுசாக வரட்டும் என்று அவர்கள் எழுத்துருவை இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பிறகு ஒரு கிரேக்கர் எழுதினார். அந்த எழுத்துகளைப் பார்த்துவிட்டு முதலாளி, "இதெல்லாம் யாரு?" என்றார். "நம்ம யூஸர்ஸ் சார்" என்றேன்.

அந்த ஃபிரேம்வொர்க் அதிக நாள் வாழவில்லை. எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று குழுவில் யாரோ சொன்னார்கள். அதைவிடப் பெரிய பெரிய கருவிகள் வந்தன. பாயின் தளத்தைப் பிறகு நானே வேறொன்றுக்கு மாற்றிக் கொடுத்தேன்.

தொண்ணூற்றொன்பது கடைசியில் அடையாற்றில் ஒரு பெரிய நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனேன். குளிரூட்டிய அறை. என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அந்த ஃபிரேம்வொர்க்கின் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இது செத்துப்போன சமாச்சாரம் ஆச்சே. இதை ரெஸ்யூமேல எதுக்குப் போட்டு வச்சிருக்கீங்க? எடுத்துடுங்க."

அதில் நான் என்ன செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. கேள்விக்குறியிலிருந்து பல்கேரியா வரை முழுவதும் சொல்லி முடித்துவிட்டுத்தான் தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

வேலை கிடைத்தது. ரெஸ்யூமேயிலிருந்து அந்த வரியை இன்றுவரை நான் எடுக்கவில்லை.