மூலையில் இருந்த தமிழ் மெஷின்

எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் வல்லத்திராக்கோட்டையிலிருந்து பஸ் ஏறி, டைப் படிக்கப் புதுக்கோட்டைக்குப் போனேன். டைப் தெரிந்தால் ஆபீஸ் வேலை நிச்சயம் என்று எல்லோரும் நம்பிய காலம். அதனால் இன்ஸ்டிட்யூட்டில் இங்கிலீஷ் மெஷின் ஒன்றுகூடக் காலியாக இருக்காது. என் நேரத்துக்கு நான் போய் நின்றாலும் எனக்கு முந்திய ஆள் எழுந்திருக்க மாட்டார்.

மூலையில் துணி போர்த்திய தமிழ் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. அதில் உட்காரட்டுமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். தாராளமாக உட்காரச் சொன்னார். யாரும் எழுப்ப மாட்டார்களாம்.

அப்பாவுக்குத்தான் விளங்கவில்லை. "தமிழுதான் ஒனக்குத் தெரியுமே, அதைப் போயி எதுக்குப் படிக்கணும்?" என்றார்.

படித்தால்தானே தெரியும்! அந்த மெஷினில் மெய்யெழுத்தின் புள்ளியை முதலில் அடித்துவிட்டு, அப்புறம்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கைக்கு அது பழகுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. லோயர் பரீட்சையில் தேறினேன். வேலை மட்டும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆபீஸ் கடிதங்கள் தமிழுக்கு மாறத் தொடங்கின. புதிதாகத் திறந்த பஞ்சாயத்து யூனியன் ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி தமிழ் டைப்பிஸ்ட் தேடி இன்ஸ்டிட்யூட்டுக்கே வந்தார். சடசடவென்று அடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கையை நிறுத்தினார்கள். மாஸ்டர் என்னைக் காட்டினார்.

அதிகாரி கிணறு வெட்டுவது பற்றி ஒரு கடிதம் சொல்லச் சொல்ல அடித்தேன். தாளை உருவிப் படித்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளியெல்லாம் எங்கம்மா போச்சு?"

பயத்தில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் எழுந்து போக மனசில்லை. "இன்னொரு தாள் குடுங்க சார், வச்சுத் தாரேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, அதே கடிதத்தை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

வேலை கிடைத்தது. புதுப் புடவை கட்டிக்கொண்டு போனால், ஆபீஸில் மெஷினே இல்லை. திருச்சியிலிருந்து வர வேண்டுமாம். அது வரும்வரை டைப்பிஸ்ட் என்ற பேரில் தபால் உறைகளுக்குப் பசை தடவினேன். கடைசியில் ஒருநாள் மெஷின் பஸ் கூரைமேல் வந்து இறங்கியது. பிரித்த கையோடு அதிகாரி ஒரு கட்டுக் கடிதங்களைக் கொண்டுவந்து வைத்தார். அன்றைக்குச் சாப்பிடக்கூட எழுந்திருக்க முடியவில்லை.