மன்னாருக்குக் காட்டிய பனிமனிதன்

பனிமனிதனின் தலை இரண்டாம் முறையும் உருண்டு விழுந்தபோது அக்கா அப்படியே பனியில் உட்கார்ந்து அழுதார். கூடப் பிறந்தவர் இல்லை. இத்தாலியின் பலெர்மோ நகரில், அல்பெர்கேரியா என்ற பகுதியில் என்னோடு ஓர் அறையில் இருந்தவர். இருவரும் ஒரே கட்டடங்களில் படி கழுவும் வேலை செய்தோம். அதற்கு முன் அவர் அழுது நான் கண்டதில்லை.

மன்னாரில், தன் தங்கையிடம் அக்கா இரண்டு வயதில் விட்டுவந்த மகளுக்கு அப்போது ஏழு வயது. பிள்ளை சித்தியைத்தான் அம்மா என்றாள். போனில் அக்காவிடம், "எப்ப வருவீங்கள்?" என்று மட்டும் கேட்பாள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை, இத்தாலியை விட்டுப் போனால் திரும்பி வர முடியாது என்பதையெல்லாம் ஏழு வயதுக்கு எப்படிச் சொல்வது? "இஞ்சை ஒரே பனி, பிளேன் எழும்பாது" என்று ஒருநாள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். பலெர்மோவில் ஆலங்கட்டி விழும். பனி கிடந்து நான் பார்த்ததில்லை. "அப்பப் பனியைக் காட்டுங்கோ" என்றாள் பிள்ளை. காட்ட முடியவில்லை. அதன் பிறகு அவள் போனுக்கே வரவில்லை.

அதனால்தான் பங்குக் கோயில் ஆட்கள் பஸ் பிடித்து மலைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நாங்களும் ஏறிக்கொண்டோம்.

மலையில் முழங்காலளவு பனி. பனிமனிதன் செய்ய இருவருக்கும் தெரியாது. அக்கா கொழுக்கட்டை பிடிப்பது போல அள்ளிப் பிடித்தார். அவித்த மாவாக உதிர்ந்தது. நிழலில் கிடக்கும் பனி ஒட்டாது, வெயில் பட்ட ஈரப்பனியை எடு என்று பஸ் சாரதி கைகாட்டிச் சொன்னார். முதலில் தேங்காயளவு உருண்டை. அதைப் பனியின் மேல் திருப்பித் திருப்பி உருட்டவேண்டும். ஒரே பக்கமாக உருட்டினால் உரல் மாதிரி நீண்டுவிடும். பெரிய உருண்டையின் அடியில் பனியை முட்டுக்கொடுத்துச் சிறியதை மேலே வைத்தோம். விழுந்தது. மறுபடி வைத்தோம். விழுந்தது. மூன்றாம் முறை கழுத்தைச் சுற்றி ஈரப்பனியை அப்பி இறுக்கிய பிறகுதான் தலை நின்றது. கண்ணுக்குச் சாரதி தந்த இரண்டு கறுத்த ஒலிவ் காய். மூக்குக்கு எங்கள் சோற்றுப் பார்சலில் இருந்த மோர்மிளகாய்.

தங்கைக்கு வீடியோவில் அழைத்தோம். போனை நான் பிடித்தேன். பனி என்றதும் பிள்ளை ஓடிவந்தாள். பனிமனிதனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இந்தப் பனி எப்ப போகும்?"

பங்குனியில் என்று சொல்லியிருக்கலாம். அக்கா போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"பனியாலை இல்லை பிள்ளை நான் வராதது. அம்மா பொய் சொல்லிப்போட்டன். இவையள் ஒரு பேப்பர் தரவேணும். அது எப்ப எண்டு எனக்கும் தெரியாது."

பிள்ளை போனை வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரைக்குக் கிட்ட வந்தாள்.

"கையெல்லாம் சிவந்து கிடக்கு. குளிருதோ அம்மா?"

"ஓம்," என்றார் அக்கா.

இப்போது தாயும் மகளும் பலெர்மோவிலேயே, கால்சா என்ற பகுதியில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பேப்பர் வர, மலைக்குப் போன நாளுக்குப் பிறகும் ஒன்றரை வருடம் பிடித்தது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளை தானாகவே போனுக்கு வந்தாள். "பேப்பர் தந்திட்டினமோ?" என்று முதலில் கேட்பாள். இல்லை என்று அக்கா சொல்வார்.

"சரி, அப்ப வேறை ஏதும் கதையுங்கோ அம்மா," என்பாள்.