மே மாதத்தில் குளிர்ந்த எஞ்சின்

மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு அலுவலகத்துக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வந்து கால் ஓய்ந்த பிறகுதான், என் சம்பளத்தில் அந்தப் பழைய காரை வாங்கினேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. வாங்கிய பிறகுதான் வினையே தெரிந்தது. முந்தைய சொந்தக்காரர் ரேஸ் பைத்தியம். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவுசெய்யும் கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பில் நாமே எண்களை மாற்றிக்கொள்ளும் வேறொன்றைப் பொருத்தியிருந்தார். கார் கரும்புகை கக்கியது, பெட்ரோலைத் தண்ணீராய்க் குடித்தது.

"பேஜாரு புடிச்ச வண்டிக்கா. நம்மாண்ட ஆவாது," என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

என் கணவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ஆபீஸ் பஸ் தெருமுனைக்கே வந்துவிடும், அவருக்கென்ன கவலை? "வித்துத் தொலச்சிடலாம். ஞாயித்துக்கெழம ஆள் வராரு," என்றார்.

"யாரக் கேட்டு வரச் சொன்னீங்க?" எனக்கு வந்த கோபத்தில் வீடே அதிர்ந்தது. "அதுக்குள்ள நான் சரி பண்றேன். முடியலன்னா நானே சாவியக் குடுத்துடறேன்."

காரோடு வந்த சிடியை லேப்டாப்பில் போட்டு, வயரால் கார் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள். எஞ்சின் இந்த வேகத்தில் ஓடினால் இவ்வளவு பெட்ரோல் என்று கணக்கு. அட, இவ்வளவுதானா! சாம்பாருக்கு உப்புப் போடத் தெரிந்தவளுக்கு இது தெரியாதா? பழைய எண்களைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். புகை நின்றது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் வேகத்தடையில் ஏறி இறங்கினால் கார் படக்கென்று நின்றுவிடும். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் நின்றபோது, பின்னாலிருந்த லாரிக்காரர், "இன்னாக்கா, வூட்டுக்குப் போற எண்ணமே இல்லியா?" என்று கத்தினார். மானமே போயிற்று.

சனிக்கிழமை மதியம், லேப்டாப்பைக் கணவர் மடியில் வைத்துக் கடற்கரைச் சாலையில் ஓட்டினேன். திரையில் வருவதையெல்லாம் வேண்டாவெறுப்பாக வாசித்துக்கொண்டு வந்தார்.

"எஞ்சின் சூடு இருபது டிகிரி."

"எவ்ளோ?"

"இருபதும்மா. காது கேக்கலியா?"

வெளியே அனல். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எஞ்சினுக்கு மட்டும் ஊட்டிக் குளிரா? அதற்குள் வேகத்தடை வந்தது. "அய்யய்யோ, தொண்ணூறு!" என்று அவர் அலறவும் கார் நிற்கவும் சரியாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஓடுகிற எஞ்சினுக்குத் தொண்ணூறுதான் சரியான சூடு; சூட்டை அளக்கும் சென்சார் இத்தனை நாள் இருபது என்று பொய் சொல்லியிருக்கிறது. எஞ்சின் குளிர்ந்து கிடப்பதாக நம்பி கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்ற, நான் அதைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறேன். வண்டி குலுங்கும்போது வயர் சரியாக ஒட்டி சென்சார் உண்மையைச் சொன்னால், கம்ப்யூட்டரும் ஊற்றுவதை நிறுத்திவிடும். எஞ்சின் பட்டினியில் நின்றுவிடும்.

தட்டுத்தடுமாறி வீட்டுக்கு வந்து பானட்டைத் திறந்தேன். சென்சார் வயரின் முனை உப்புக்காற்றில் பச்சையாகப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பழைய டூத்பிரஷ்ஷால் துடைத்து மாட்டினேன். என் எண்களைத் தூக்கிக் கடாசிவிட்டுப் பழையதையே ஏற்றினேன். அதிக வேகத்துக்கான சில கட்டங்களை மட்டும் திருத்த வேண்டியிருந்தது. அது எனக்கு இப்போது தண்ணிபட்ட பாடு.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கினார். "வண்டி சோக்கா கீதே! இன்னா வெல சொல்றீங்க?" என்று கணவரைக் கேட்டார்.

கணவர் சாவியை அவரிடமிருந்து வாங்கி என் கையில் வைத்தார். "வண்டி அவங்களுது. சரி பண்ணதும் அவங்கதான். அவங்களக் கேளுங்க."

"விக்கறதா இல்லீங்க," என்றேன்.

பாவம், வெயிலில் வந்த மனிதர். பூஞ்சேரி பஸ் ஸ்டாப் வரை நானே கொண்டுபோய் விட்டேன். வழியிலிருந்த வேகத்தடைகளில் எல்லாம் வேண்டுமென்றே ஏற்றி இறக்கினேன். ஒவ்வொன்றையும் தாண்டத் தாண்ட அவர் விலையை ஏற்றிக்கொண்டே வந்தார்.